ஞாயிற்றுக்கிழமை சிக்கம்மா

எனக்கு என் தங்கை மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அக்கா என்றால் அம்மாவுக்கு அடுத்தபடி என்று உருகுகிறவர்கள் எங்கள் வீட்டில் வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

என் பெயர் மீனா. மைசூரில் மேட்டகள்ளியில் இரண்டு அறை வாடகை வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். அப்பா சித்தையன், அம்மா மல்லம்மா, நான், தங்கை தமிழ்ப்ரியா. ஊர் ஹனூர் தாலுகா கௌதள்ளி. எனக்கு எட்டு வயதில், தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்ததும், அப்பா சென்ட்ரிங் வேலைக்கென்று எங்களை இங்கே கூட்டிவந்தார். ப்ரியா அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தாள். அவளுக்குப் பெயரில்தான் தமிழ் இருக்கிறது. வாயைத் திறந்தால் பாதிக்கு மேல் கன்னடம்.

நானும் படித்தவள்தான். பத்தாவதில் ஃபர்ஸ்ட் கிளாஸ். பள்ளிக்கூடத்தில் பெண்களில் இரண்டாவதாக வந்தேன். ரிசல்ட் வந்த அதே வாரம் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். வலியில் ஊரையே கூட்டிக்கொண்டிருந்த அப்பாவை ஒரே அதட்டு அதட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். அப்பா அடங்கிப்போனார். எங்கள் அப்பா ஒரு பெண்பிள்ளைக்கு அடங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு அவள் அந்தக் கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பில் எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று எனக்கு விரல் வைத்துக் காட்டினாள். படித்தால் இந்தப் படிப்புதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்து என்ன, அப்பா எட்டு மாதம் படுக்கையில். அம்மா ஒருத்தி சம்பளம் வாடகைக்கே பற்றவில்லை. பதினெட்டு ஆகும்வரை ஊதுபத்தி பாக்கெட் போட்டேன், அப்புறம் கார்மெண்ட்ஸில் சேர்ந்தேன். சட்டைக் காலர் தைக்கிற லைன். இன்றுவரை அதே லைன்தான். படிப்பை விடச் சொல்லி என்னை யாரும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

ப்ரியா ஒன்பதாவது படிக்கும்போது அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டிரஸ்ட் வந்தது. எங்கிருந்தோ அறக்கட்டளைப் பணம் வருகிறதாம், கஷ்டப்படுகிற வீட்டுப் பெண் பிள்ளைகளை ஒன்பதாவதிலிருந்து முதல் வேலை கிடைக்கிறவரை கைவிடாமல் பார்த்துக்கொள்வார்களாம். ஃபீஸ், புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் அவர்களே. அதோடு ஒவ்வொரு பெண்ணுக்கும் வழிகாட்டி என்று ஒரு படித்த அம்மாளை நியமிப்பார்கள். நான் படிப்பை விட்டு ஐந்து வருடம் கழித்து வந்தார்கள் இந்த மகராசர்கள். முன்னாலேயே வந்து தொலைந்திருக்கக் கூடாதா?

அந்த விண்ணப்பத்தில்தான் வினை ஆரம்பித்தது. குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். என் சம்பளத்தைச் சேர்த்தால் தாண்டுகிறது, சேர்க்காவிட்டால் சரியாக இருக்கிறது. அப்பாதான் வழி கண்டுபிடித்தார்.

"மூத்தவளைக் கட்டிக்குடுத்தாச்சுன்னு எழுதிப்போடு கண்ணு. காயிதந்தானே, யாரு வந்து பாக்கறாங்க?"

ப்ரியா பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எழுது என்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை, எரிச்சல். எப்படியோ போய்த் தொலையட்டும் என்றுதான் சொன்னேன். அவளும் குண்டு குண்டான கையெழுத்தில், அக்கா மீனா, திருமணமாகி ஹனூரில் இருக்கிறார் என்று எழுதிவிட்டாள். ஒரு வரியில் எனக்குக் கல்யாணம் நடந்து, புகுந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இடம் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் டிரஸ்ட் இன்னொரு விதியைச் சொன்னது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைப்பார்கள், பெண்ணோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். யாரும் வராத வீடுகளில்தான் பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் அனுபவம். வருடத்தில் மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அப்பா ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன், ஞாயிறும் டியூட்டி. அம்மா அரண்மனைப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் மைசூரில் சுற்றுலாக் கூட்டம் குவிகிற நாள், அன்றைக்கு லீவு கேட்டால் வேலையே போய்விடும். மிச்சம் இருப்பது நான். நானோ கல்யாணமாகிப் போனவள்.

இப்படித்தான் நான் சிக்கம்மா ஆனேன். கன்னடத்தில் சித்தியை அப்படித்தான் சொல்வார்கள். அம்மாவின் கடைசித் தங்கை, நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை, ஞாயிறு மட்டும் அக்கா வீட்டுக்கு வந்துபோகிறவள், இன்னும் வரன் அமையவில்லை. அப்பா ஒரு மூச்சில் கதை கட்டி முடித்தார். கொஞ்சம் பெரியவளாகத் தெரிய வேண்டுமே என்று அம்மா தன் பழைய சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது எனக்கு இருபத்தோரு வயது. விஜயநகரில் ஒரு பள்ளிக்கூட ஹால். ப்ரியாவின் வழிகாட்டி சுசித்ரா மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சிரித்த முகம். கன்னடத்தில்தான் பேசுவார். "இவங்க எங்க சிக்கம்மா" என்று ப்ரியா சொன்னதும், அவர் சந்தேகப்படுவார், கேள்வி கேட்பார், நானும் திணறுவேன் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும்கூடப் பார்க்கவில்லை. வாங்க அம்மா என்று கை கூப்பி, பின்வரிசையில் மற்ற தாய்மார்களோடு உட்கார வைத்தார். முப்பது வயது என்று பதிவேட்டில் எழுதினேன், அதையும் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் வெகுநேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் இரண்டரை வருடம். மாதம் தவறாமல், வாரத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாளில், பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வயிறு எரிந்தேன். முன்னால் பெண்களுக்கு வகுப்பு நடக்கும். தன்னைப் பற்றி ஐந்து வரி சொல்ல வேண்டும். இன்டர்வியூவில் கேட்கிற மாதிரி கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குப் பதில் வந்துவிடும், ப்ரியாவுக்கு முன்னால் வந்துவிடும். சொல்லக்கூடாது. சிக்கம்மாவை யார் கேட்டார்கள்? ப்ரியா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, நான் மனதுக்குள் சொல்லி முடித்ததில் பாதியைச் சொல்வாள். எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன், வேறு என்ன செய்ய?

வீட்டிலும் நிம்மதி கிடையாது. எதற்கெடுத்தாலும் சுசித்ரா மேடம் சொன்னார். எட்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்று மேடம் சொன்னாராம், அதனால் காலையில் நான் கார்மெண்ட்ஸ் போகுமுன் பாத்திரம் உருட்டக் கூடாதாம். மேடம் அவளை ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரிக்குக் கூட்டிப்போய் இயந்திரங்களைக் காட்டினார். வந்தவள் மூன்று நாள் அதே பேச்சு. நான் ஐந்து வருடமாக ஃபேக்டரிக்குள்தான் கிடக்கிறேன், என்னிடம் ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டிருப்பாளா? அம்மா தோசை ஊற்றினால் மொறுமொறுப்பானது அவள் தட்டுக்குப் போகும். படிக்கிற பிள்ளையாம்.

நான் நல்லவளாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு பரீட்சை நாளில் அவள் பஸ் பாஸை எடுத்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவள் வீடெல்லாம் தேடிவிட்டு அழுதுகொண்டே நடந்து போனாள். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை, ஆனால் திருப்தியாகவும் இருந்தது. இரண்டுமே உண்மை. சாயங்காலம் பாஸைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னாள்.

போன வருடம் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த மல்லப்பன் என்பவரின் மகளை டிரஸ்டில் நீக்கிவிட்டார்கள். மல்லப்பனுக்கு மொபைல் ரிப்பேர் கடை இருப்பதை மறைத்து விண்ணப்பம் கொடுத்திருந்தார், விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. இப்போது கடைத்தெருவில் ஒரு பேன்சி ஸ்டோரில் நிற்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடக்கூடப் பயம். மேடம் ப்ரியாவுக்கு ஃபோன் செய்யும்போது நான் பக்கத்தில் இருந்தால் அம்மா என்னை அடுத்த அறைக்குப் போகச் சொல்லிச் சைகை காட்டுவாள். நான் சம்பாதித்து வாடகை கட்டுகிற வீட்டில் நான் ஒளிந்து நிற்க வேண்டும்.

இப்போது ஜூன் மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். ப்ரியா செகண்ட் பி.யு., அதாவது பன்னிரண்டாவது சேர்ந்திருந்தாள், சயின்ஸ். அடுத்த வருடம் இன்ஜினியரிங் சேரும்போது ஃபீஸும் ஹாஸ்டலும் டிரஸ்ட் கட்டும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அப்பா நிமிர்ந்து நடந்தார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் சுசித்ரா மேடம் மைக்கைப் பிடித்தார். புதிதாக ஒரு நிதி வந்திருக்கிறது, படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திய பெண்களுக்கு என்றார். நம் பிள்ளைகளின் கூடப்பிறந்த அக்காக்களுக்கு மட்டும். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், இருபத்துநாலு வயது தாண்டியிருக்கக் கூடாது. டிப்ளமா படிப்பு, படிக்கிற காலத்தில் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. மூன்று படிப்புகளைச் சொன்னார். மூன்றாவதாக எக்ஸ்ரே டெக்னீஷியன் என்றார். ஒரு இடம்தான் இருக்கிறது, தகுதியுள்ளவர்கள் யாராவது இருந்தால் இப்போதே பெயர் கொடுக்கலாம் என்றார்.

என் வயது இருபத்துமூன்று. இந்த வருடத்தை விட்டால் வாழ்நாளில் கிடையாது. ஆனால் மேடத்தின் கோப்பில் அக்கா ஹனூரில் குடித்தனம் நடத்துகிறாள், நானோ முப்பது தாண்டிய சிக்கம்மா. உண்மையைச் சொன்னால் எனக்கு இடம். ப்ரியாவுக்கு மல்லப்பன் மகளின் கதி.

சொல்லிவிடுவது என்று எழுந்தேன். ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? தங்கை போனால் போகட்டும் என்றுதான் எழுந்தேன். அவளுக்குப் பதினாறு வயது, பேன்சி ஸ்டோரில் நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது, நான் நிற்கவில்லையா என்று நினைத்தேன். நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் நடந்தேன். மேசைக்கு இன்னும் நாலைந்து அடி இருந்தது.

அதற்குள் முன்வரிசையில் ப்ரியா எழுந்து நின்றுவிட்டாள். நான் எழுந்து வருவதை அவள் பார்க்கவே இல்லை, முதுகு என் பக்கம். கன்னடத்தில் சொன்னாள், நான் தமிழில் சொல்கிறேன்.

"மேடம், பின்னால இருக்கறவங்க என் சிக்கம்மா இல்ல. என் கூடப்பிறந்த அக்கா. கல்யாணம் ஆகல. ஃபார்ம்ல பொய் எழுதினது நான்தான். என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க, அவ பேர எழுதிக்கங்க."

ப்ரியா திரும்பிப் பார்த்தாள், நான் அவளுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன். அவள் முகத்தில் அழுகையும் இருந்தது, ஒரு வெளிச்சமும் இருந்தது. நான் தடுக்கத்தான் ஓடிவந்தேன் என்று நினைத்துக்கொண்டாள் போலும். வேண்டாம் என்கிற மாதிரி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சுசித்ரா மேடம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "நீங்களே சொல்லுங்க. நீங்க இவளுக்கு யாரு?"

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தங்கைப் பாசம் பொங்கிவிட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பொங்கியது பாசம் இல்லை. இத்தனை நாள் ஃபீஸ், புத்தகம், ஸ்கூட்டர், கைதட்டல், மொறுமொறு தோசை எல்லாம் அவளுக்கு. இப்போது தியாகமும் அவளுக்கா? நான் ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டு செய்ததை இவள் ஒரு நிமிஷத்தில், நூறு பேருக்கு முன்னால் செய்துவிட்டு, என் வாழ்க்கையையே எனக்குப் பிச்சை போடுவாளா? நானாகப் பிடுங்கிக்கொள்ளத் துணிந்திருந்தேன். அவள் கொடுத்து வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"நான் சிக்கம்மாதான் மேடம்" என்றேன். "வீட்டுல அக்கான்னுதான் கூப்பிடுவா, அது நான் பழக்கினது. இவ அக்கா ஹனூர்ல இருக்கா. எனக்கு ரொம்ப நாளா படிக்கணும்னு ஒரு ஆசை, அது இவளுக்குத் தெரியும். அதான் குழந்தை இப்படிப் பேசிட்டா. எனக்கு வயசு முப்பத்திரண்டு."

முப்பத்திரண்டு என்றதும் மேடம் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நம்பிவிட்டார். ப்ரியா, பொய் மேடம், பொய் என்று கத்தினாள். மேடம் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, சிக்கம்மாவுக்காக உன் இடத்தையே விடத் துணிந்தாயே, பொய் சொன்னது தப்பு, ஆனால் எவ்வளவு நல்ல மனசு உனக்கு என்றார். பின்வரிசைத் தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்கும் பாராட்டு அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. எக்ஸ்ரே இடத்துக்குக் கெம்பையன் என்பவரின் மூத்த மகள் பெயர் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றோம். ப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். பிறகு, யாக்கே, யாக்கே என்று கன்னடத்தில் ஆரம்பித்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறாள். கோபத்தில் அவளுக்குத் தமிழ் வராது.

"நீ குடுத்து நான் வாங்கிக்கோணுமா?" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். இந்தத் தடவை தமிழ் வந்துவிட்டது.

"நீ குடுத்து நான் மட்டும் வாங்கிக்கலாமா? ஏழு வருசமா அதத்தானக்கா பண்ணிட்டிருக்கேன். உன் காசு, உன் ஞாயித்துக்கெழம, உன் பேரு, எல்லாத்தயும் எடுத்துக்கிட்டேன். ஒரே ஒரு தடவ நான் குடுக்கறேன்னு வந்தேன். அதயும் நீயே செஞ்சுட்ட. நீ எந்திரிச்சு ஓடி வந்தியே என்னத் தடுக்க, அப்பவே செத்துப் போயிட்டேன். இனிமே நான் உன்ன எப்படி நிமுந்து பாக்கறது?"

நான் எதிரே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்க ஓடிவரவில்லை, உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் எழுந்து வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மனசு அந்த நிமிஷமே ஆறியிருக்கும். என்னைத் திட்டியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், அப்புறம் நானும் அவளும் சரிக்குச் சரி ஆகியிருப்போம். நாக்கு நுனிவரை வந்தது.

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மொறுமொறு தோசையை என் தட்டில் எடுத்து வைக்கிறாள், என் துணியைத் துவைத்துப் போடுகிறாள், என்னோடு பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுகிறாள். அம்மா கூடக் கவனித்துவிட்டு, என்ன ஆச்சு இவளுக்கு என்று என்னைக் கேட்டாள். இன்னும் மூன்று மாதத்தில் எனக்கு இருபத்துநாலு முடிகிறது. அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.